ஏழாவது ஆணி காலி

மோஜி
10 நவம்பர் 1986

தம்பி யோனேசோவுக்கு,

கமேதா ஷோகிச்சி மூன்றாவது கிண்ணம் சோறு கேட்டான் என்பதற்காக நான் அவனை விடுதியை விட்டுத் துரத்தினேன் என்பது பொய். என் விடுதியில் அவன் ஒரு நாளும் ஐந்து கிண்ணத்துக்குக் குறைத்துச் சாப்பிட்டதில்லை. ஐந்தையும் பரிமாறியவள் நான்.

முதலில் பருவத்தை விசாரித்து, பிறகு உடம்பை விசாரித்து, அதன் பிறகே விஷயத்துக்கு வர வேண்டும் என்று நாகசாகி கான்வென்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இம்முறை விஷயம் முந்திக்கொண்டது, மன்னிக்கவும். ஓதாருவில் இந்நேரம் பனி விழத் தொடங்கியிருக்கும். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மகள் சட்சுகி நலமா? எனக்கு எழுபத்தாறு முடிந்தது. பற்கள் எல்லாம் என்னுடையவை. காது மட்டும் ஆளைப் பார்த்துக் கேட்கிறது.

இத்துடன் ஒரு வாரப் பத்திரிகையின் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். பேஸ்பால் அணிகள் வேண்டாமென்று விட்டுப் பிற்பாடு நட்சத்திரம் ஆனவர்களைப் பற்றி வாரம் ஒரு கட்டுரை போடுகிறார்கள். இந்த வாரம் நம் கென்காய் கொக்குகளின் முறை. ஆந்தைகள் அணிக்குப் பத்தொன்பது வருடம் பந்து வீசி, இருநூற்று மூன்று ஆட்டம் ஜெயித்துக் கொடுத்து, போன மாதம் ஓய்வு பெற்ற கமேதாவை, பத்தொன்பது வயதில் கொக்குகள் ஏன் விட்டார்கள்? "விடுதி அம்மாவின் சோற்றுக் கரண்டி" என்று தலைப்பு. கையில் கரண்டியோடு ஒரு கிழவியை வரைந்திருக்கிறார்கள். அவள் கரண்டி பிடித்திருக்கும் விதமே தவறு.

மீன்கடைக்குப் போனால், கடைக்காரர் ஹமாசாக்கி எல்லோர் முன்னாலும், "அம்மா, ஒரு மீன் சேத்தே போடுறேன், என்னையும் தொரத்திவிட்றாதீங்க!" என்கிறார். கோயிலில் எனக்குப் பின்வரிசையில் இருக்கும் பெண்கள் திருப்பலி நடக்கும்போதே குசுகுசுக்கிறார்கள். அதை மட்டும் என் காது கேட்டுவிடுகிறது.

ஆகவே நீங்கள் பத்திரிகை ஆசிரியருக்கு எழுத வேண்டும். வாசகத்தை நானே தருகிறேன், படியெடுத்தால் போதும்:

"இவானாகா யோனேசோ ஆகிய நான் கென்காய் கொக்குகள் அணிக்குப் பதினான்கு வருடம் ஆட்டக்காரர்களைத் தேடித் தந்தவன். கமேதாவை ஓயித்தா மலையில் மரமறுக்கும் பட்டறையிலிருந்து அழைத்து வந்தவனும் நானே. என் அண்ணன் கென்கிச்சி இளையோர் அணியின் மேலாளர். என் அண்ணி மசுயே விடுதியைக் கவனித்துக்கொண்டவர். ஆட்டக்காரர் யாரையும் அனுப்பும் அதிகாரம் அண்ணிக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அவர் அப்படிச் செய்யவும் இல்லை."

பிழை எதுவும் இல்லாமல் எழுதியிருக்கிறேன். படியெடுக்கும்போது புதிதாகச் சேர்க்க வேண்டாம்.

குளிரில் கவனமாக இருக்கவும்.
மசுயே


ஓதாரு
28 நவம்பர் 1986

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கண்டதில் மகிழ்ச்சி. ஒன்பது வருடத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். அச்சடித்தது போல அப்படியே இருக்கிறது. இங்கே முழங்கால் வரை பனி. என் சொந்த முழங்கால் அதற்கும் கீழே எங்கோ இருப்பதாக நம்புகிறேன். சட்சுகி உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.

கட்டுரையைப் படித்தேன். உங்களை அப்படி எழுதியது அநியாயம். ஐந்து கிண்ணம் என்பதற்கு நான் சாட்சி. ஆறாவதையும் ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஆசிரியருக்கு நான் எழுத முடியாது, அண்ணி. "அண்ணி அனுப்பவில்லை" என்று எழுதினால், "சரி, பிறகு யார் அனுப்பியது?" என்று அடுத்த நாளே கேட்பார்கள். அதற்கும் நான் பதில் எழுத வேண்டிவரும். அவனை அனுப்பியது அண்ணன். அந்தப் பெயரை நான் ஊர் முன்னால் எடுப்பதாக இல்லை. அவர் இருந்தபோதே எடுக்கவில்லை; இல்லாதபோது எதற்கு?

நான் சும்மா இருப்பதே நம் குடும்பத்துக்கு நல்லது. உப்பிட்ட சால்மன் மீன் ஒன்று தனியே அனுப்பியிருக்கிறேன். புத்தாண்டுக்கு ஆகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
யோனேசோ


மோஜி
6 டிசம்பர் 1986

தம்பிக்கு,

மீன் வந்து சேர்ந்தது. நன்றி. உப்பு அதிகம். இரண்டு நாள் தண்ணீரில் போட்டு வைத்தேன். இன்னும் ஒரு நாள் போடுவேன். நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. உங்கள் அண்ணன் கமேதாவை அனுப்பவில்லை.

மசுயே


ஓதாரு
21 டிசம்பர் 1986

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வருடக் கடைசி வேலைகளுக்கு நடுவே தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். ஜலதோஷம் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அஞ்சலட்டையை நாலைந்து முறை திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று. ஒன்றும் இல்லை.

அண்ணன் அனுப்பவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நம் விடுதியில் யாரையும் வாயால் போகச் சொன்னதில்லை. அண்ணனுக்கு ஒரு பையனின் முகத்தைப் பார்த்து, "நீ வேண்டாம்" என்று சொல்ல வராது. அதனால்தானே அந்த ஏற்பாடு? விடுதி நடையில் இருபது ஆணி, ஆளுக்கொன்றாக இருபது சிறு மரப் பெயர்ப் பலகை. ஆட்டப் பருவம் முடிந்து அக்டோபர் வந்தால், போக வேண்டியவனின் பலகையை அண்ணன் விடியற்காலையில் எடுத்துவிடுவார். காலை ஓட்டப் பயிற்சி முடித்து வரும் பையன் காலி ஆணியைப் பார்ப்பான். ஒன்றும் கேட்கமாட்டான். அண்ணன் முன் குனிந்து, "இத்தன நாள் பாத்துக்கிட்டதுக்கு நன்றி" என்பான். மூட்டையைக் கட்டுவான். 1967 அக்டோபரில் ஒரே வாரத்தில் மூன்று பேர் அப்படிப் போனார்கள். கமேதா நாலாவது.

நான் வெளியூரிலிருந்து வந்து ரயிலை விட்டு இறங்கினேன், நடைமேடையில் மூட்டையோடு நிற்கிறான். "டேய், எங்கடா கெளம்பிட்ட?" என்றேன். "என் பலகைய எடுத்துட்டாங்க, அண்ணே" என்றான். மழை அவன் மூக்கிலிருந்து சொட்டியது. மழை என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். அவனை ரயிலேற்றினேன். ரயில் போன பிறகு நீங்கள்கூட அங்கே வந்தீர்கள், முள்ளங்கி வாங்க.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் கேட்டேன். "ஏண்ணே அவனை அனுப்புனீங்க? பத்து வருஷம் மலையேறித் திரிஞ்சு நான் கண்டுபிடிச்ச ஒரே ஆளு!" அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "போனவனப் பத்தி என்ன பேச்சு" என்றார். அவ்வளவுதான். நான் வேலையை விட்டேன். பத்து வருடம் அவரோடு பேசவில்லை. அடக்கத்துக்கு வந்தபோதும் கடைசி வரிசையில்தான் நின்றேன்.

அண்ணி, உங்களுக்கு ஏதாவது தெரியுமானால் எழுதுங்கள்.

யோனேசோ


மோஜி
1 ஜனவரி 1987

புது வருடம் உங்களுக்கும் சட்சுகிக்கும் எல்லா நலமும் தரட்டும். சென்ற வருடம் காட்டிய அன்புக்கு நன்றி. இவ்வருடமும் அவ்வாறே வேண்டுகிறேன்.

மசுயே

(முயலை நானே வரைந்தேன். இது உங்கள் கடிதத்துக்குப் பதில் அல்ல.)


ஓதாரு
19 ஜனவரி 1987

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

முயல் மிக நன்றாக இருக்கிறது. காதுகள் இரண்டும் ஒரே அளவு. அளவுகோல் வைத்து வரைந்தீர்களோ என்று சட்சுகி கேட்டாள்.

நேற்று கமேதா தொலைபேசியில் பேசினான். என் எண்ணை எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறான். மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மோஜி மைதானத்தில் ஆந்தைகள் ஒரு நட்பு ஆட்டம் ஆடுகிறார்கள். தன் கடைசிப் பந்தை அங்கேதான் வீசுவேன் என்று அவனே கேட்டு வாங்கியிருக்கிறான். வீசி முடித்ததும் மைக்கில் பேசுவான். பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். "எல்லாரும் அந்தச் சோத்துக் கதையவே கேக்கிறாங்கண்ணே, அன்னிக்கு நடந்தத நானே சொல்லிரலாம்னு இருக்கேன்" என்றான்.

"என்னடா நடந்துச்சு?" என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மேலாளர் முன்னாடி போய்க் குனிஞ்சு, இத்தன நாள் பாத்துக்கிட்டதுக்கு நன்றின்னேன். அவரு மொகம் வெளுத்துப்போச்சு. அப்புறம் 'அப்படியா... சரி. உடம்பப் பாத்துக்கோ'ன்னாரு. அந்த 'அப்படியா' மட்டும் எனக்கு இன்னிவரைக்கும் வெளங்கல, அண்ணே."

எனக்கும் விளங்கவில்லை. நேற்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பலகையை எடுத்தவர் எதற்கு 'அப்படியா' என்று கேட்பார்?

ஒரு வரி எழுதினால் போதும், அண்ணி.

யோனேசோ


ஓதாரு
6 பிப்ரவரி 1987

அண்ணிக்கு,

மோஜியில் குளிர் அதிகமா? மழையா? தபால்காரர் நலமா?

இன்னொரு சால்மன் அனுப்பியிருக்கிறேன். இம்முறை உப்பு குறைவு.

யோனேசோ


மோஜி
11 பிப்ரவரி 1987, லூர்து மாதா திருநாள்

தம்பி யோனேசோவுக்கு,

மீன் வந்தது. உப்பு சரியாக இருக்கிறது. நான் நலம். தபால்காரரும் நலம். இதற்கு மேல் விசாரிப்பை நீட்டினால் நான் ஒளிந்துகொள்கிறேன் என்று ஆகும்.

கமேதாவின் பலகையை எடுத்தவள் நான்.

1967 அக்டோபர் 19, வியாழக்கிழமை. முந்தைய நாள் புதன்கிழமை, ஆகவே கறிக்குழம்பு. பலகையில் ஆள் உள்ளே இருந்தால் கறுப்பு எழுத்து தெரிய வேண்டும், வெளியே போனால் சிவப்பு எழுத்து. எல்லோரும் கை கழுவிவிட்டுத் திருப்புவார்கள். அவன் மட்டும் கடைசிக் கிண்ணத்தை விழுங்கிக்கொண்டே வந்து, குழம்புக் கையோடு திருப்புவான். "கமேதா, கை!" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "இதோம்மா" என்பான், பலகை அதற்குள் திரும்பியிருக்கும். மற்ற பலகையெல்லாம் வெள்ளையாகவும் ஏழாவது ஆணியில் ஒன்று மட்டும் மஞ்சளாகவும் தொங்கும். அணியை நடத்தும் சங்கத்தின் தலைவர் வெள்ளிக்கிழமை விடுதியைப் பார்வையிட வருவதாக இருந்தது.

அவர்கள் ஓடப் போயிருந்த நேரத்தில் அதை எடுத்து மணல் போட்டுத் தேய்த்தேன். அடுக்களை ஜன்னலில் காய வைத்தேன். அன்று தூறல், மரம் காயவில்லை. ஈரத்தோடு மாட்டினால் எழுத்து கசியும். அதனால் காத்திருந்தேன். அவ்வளவுதான். அக்டோபர் மாதத்தில் காலி ஆணி என்றால் என்ன அர்த்தம் என்று அந்த விடுதியில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. எனக்கு அன்று கறை மட்டும்தான் கண்ணில் பட்டது.

பலகை காய்ந்தபின் கொண்டுபோனால் அவன் அறை காலி. போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தான். வாழ்நாளில் முதல் முறையாக ஓரம் ஓரத்தோடு சேர்ந்திருந்தது.

குடையைக்கூட விரிக்காமல் நிலையத்துக்கு ஓடினேன். ரயில் போய்விட்டது. நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். "என்ன அண்ணி, இங்க எங்க வந்தீங்க?" என்றீர்கள். பலகை என் மேலங்கிக்குள் இருந்தது. "முள்ளங்கி வாங்க" என்றேன். ரயில் நிலையத்தில் முள்ளங்கி விற்பதில்லை. அதை நீங்கள் அன்றே கவனித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் தவறு உங்களுடையது அல்ல.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அண்ணன் அடுக்களையில் உட்கார்ந்திருந்தார். "கமேதா போயிட்டான்" என்றார். "நான் எதுவும் சொல்லல. அவனா வந்து கும்பிட்டுட்டுப் போறான். வீட்டு ஞாபகம் போல." அப்போது சொல்லியிருக்கலாம். பலகை என் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தது. நான் சொன்னது, "சூப் ஆறுது."

ஓடிப்போனவன் என்று பதிவேட்டில் ஏறினால் வேறு எந்த அணியும் அவனைச் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே நாமே விட்டோம் என்று உங்கள் அண்ணன் தன் கையால் எழுதிக் கொடுத்தார். அந்தப் பழியைத் தான் எடுத்துக்கொண்டார். அவன் ஜெயிக்கத் தொடங்கிய பிறகு ஊர் சிரித்தபோதும் வாய் திறக்கவில்லை. உங்களிடமும் திறக்கவில்லை.

நான் ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அவன் அடுத்த வசந்தத்தில் ஆந்தைகள் அணியில் ஆடுகிறான் என்று தெரிந்ததும், நாலு ஆட்டம் தோற்கட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். படுபாவி பதினொன்று ஜெயித்தான். மறு வருடம் இருபத்திரண்டு. பதினொன்றில் சொல்ல முடியாததை இருபத்திரண்டில் எப்படிச் சொல்வது? இருநூறாவது வெற்றியை வானொலியில் கேட்டு அழுதேன். பக்கத்து வீட்டு அம்மாள், "பாவம், எவ்வளவு சந்தோஷம்" என்று கைக்குட்டை தந்தார்.

பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். அந்த வருடமே செய்தேன். அப்போது இருந்தவர் பிரான்சிலிருந்து புதிதாக வந்த பாதிரியார். எல்லாம் கேட்டுவிட்டு, "மகளே, இந்தப் பேஸ்பால் என்பது சீட்டாட்டமா?" என்றார். மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். போதாது என்று எனக்கே தெரிந்தது.

உங்கள் அண்ணன் கடைசி வாரத்தில் ஒரு நாள், "அந்தப் பயலோட பலகை எங்க?" என்று கேட்டார். "அடுப்புல போட்டுட்டேன்" என்றேன். அதுவும் பொய். என் தையல் பெட்டியில் இருந்தது, இருக்கிறது.

நீங்கள் இருவரும் பேசாமல் இருந்த பத்து வருடமும் ஒரே ஒரு வாக்கியம் என்னிடம் இருந்தது. ஆகவே பத்திரிகைக்கு நான் கேட்டபடி எழுத வேண்டாம். வாசகத்தில் பிழை இருக்கிறது.

மசுயே


ஓதாரு
25 பிப்ரவரி 1987

அண்ணிக்கு,

இது நாலாவது கடிதம். மூன்றைக் கிழித்துப்போட்டேன். முதலாவதை நீங்கள் பார்க்காதது நல்லது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். பத்து வருடம், அண்ணி. அவர் பலமுறை கடிதம் போட்டார், நான் பிரிக்கவில்லை. ஒரு முறை இந்த ஊருக்கே வந்து தெருமுனையில் நின்றுவிட்டுப் போனார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். முள்ளங்கி வந்தது.

சட்சுகி ஓடி வந்தாள். "அப்பா, என்னாச்சு? அழறீங்களா சிரிக்கிறீங்களா?" என்றாள். "முள்ளங்கி" என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டாள்.

இப்போது என் பங்கு. நீங்கள் எழுதிவிட்டீர்கள், நான் ஒளித்து வைத்தால் நன்றாக இராது. அன்று நடைமேடையில் நான் அவனைச் சும்மா ரயிலேற்றவில்லை. அண்ணன் மேல் கோபம். ஆந்தைகள் அணியில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு சீட்டு எழுதி, அவன் சட்டைப்பையில் திணித்தேன். "ஊருக்குப் போகாத. நேரா இவரப் போய்ப் பாரு" என்றேன். கொக்குகளிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு எதிரிக்கு ஆள் பிடித்தேன். அதனால்தான் வேலையை விட்டேன். மானத்துக்காக என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். அண்ணன் என்னைக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். நான் அவரை இன்னொரு முறை கேட்டிருந்தால் அவரும் சொல்லியிருப்பார். கமேதா யாரையாவது கேட்டிருந்தால் பலகை ஜன்னலில் காய்கிறது என்று தெரிந்திருக்கும். கேட்பது மரியாதை இல்லை என்று நாம் நாலு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது, எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் புதன்கிழமை சங்கக் கூட்டத்தில், கமேதா பந்து வீசும் விதம் பார்க்கச் சகிக்கவில்லை, இனி பந்தைத் தொடவிடாமல் மைதானத்தின் வலது மூலையில் நிறுத்தலாம் என்று முடிவாகியிருந்தது. அண்ணன் எதிர்த்தார், எடுபடவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் அந்த மூலையில் நின்றிருப்பான். இன்று மரம் அறுத்துக்கொண்டிருப்பான். கொக்குகள் வைத்திருந்த ஆட்களிலேயே அவனுக்கு நல்லது செய்தது உங்கள் கை மணல்தான்.

இதைக் கேட்டு நீங்கள் சமாதானம் அடையமாட்டீர்கள் என்று தெரியும். நானும் 'மன்னித்தேன்' என்று எழுதக் கை எடுத்தேன், இன்னும் வரவில்லை. ஆனால் மார்ச் 22 மோஜிக்கு வருகிறேன். மைதானத்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்காருகிறேன். முள்ளங்கி வேகவைத்து வையுங்கள்.

ஒரு நிபந்தனை. அவன் மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் நீங்களே அவனுக்கு எழுதிவிட வேண்டும். நான் சொல்லமாட்டேன். விலாசம் பின்பக்கம்.

யோனேசோ


மோஜி
4 மார்ச் 1987

கமேதா ஷோகிச்சிக்கு,

இருநூற்று மூன்று ஆட்டம் ஜெயித்தவரை 'நீங்கள்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் கை கழுவாமல் பலகையைத் தொட்டவனை நான் 'நீ' என்றே கூப்பிட்டுப் பழகியவள். பொறுத்துக்கொள்.

இங்கே ப்ளம் மரங்கள் பூத்து முடிகின்றன. உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? மனைவி, பிள்ளைகள் நலமா? வயிறு முன்போலவே இருக்கிறதா?

கொக்குகள் உன்னை விடவில்லை. மேலாளர் இவானாகாவும் உன்னை விடவில்லை. நீ குனிந்து நன்றி சொன்னபோது அவர் 'அப்படியா' என்றது, நீயாகவே போகிறாய் என்று நினைத்து. அன்று காலை ஏழாவது ஆணியிலிருந்து உன் பலகையை எடுத்தவள் நான். போகச் சொல்லி எடுக்கவில்லை. நீ ஒட்டிய கறிக்குழம்பைத் தேய்த்துக் கழுவ எடுத்தேன். தூறலில் காயத் தாமதமானது. மாட்ட வந்தபோது நீ போய்விட்டாய். நிலையம் வரை ஓடி வந்தேன், உன் ரயில் போய்விட்டிருந்தது. அன்றிலிருந்து இதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்கு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. நீ ஒவ்வொரு ஆட்டமும் ஜெயிக்க ஜெயிக்கச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது என்பது காரணம் ஆகாது.

அப்படி நடந்ததால்தான் நீ பெரிய ஆள் ஆனாய் என்று உன் யோனேசோ அண்ணன் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் பத்தொன்பது வயதில் ஒரு மூட்டையோடு மழையில் நின்றது நீதான். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். தலை குனிந்து கேட்கிறேன். கடிதத்தில் அது தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

22ஆம் தேதி மைக்கில் நீ இதை அப்படியே சொல்லலாம். மேலாளர் பெயரை முதலில் சொல். அவர் உன்னை விடவில்லை என்று நாலு பேர் கேட்கும்படி சொல். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல், சிரிக்கட்டும். மூன்று கிண்ணம் என்று மட்டும் சொல்லாதே. ஐந்து.

விடுதியை இடித்தபோது நடையில் இருந்த ஆணிச் சட்டத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிட்டேன். ஆட்கள் இல்லாவிட்டாலும் பத்தொன்பது பலகை தொங்குகின்றன. ஏழாவது ஆணியில் மேலாளர் கடைசிவரை வேறு பெயரை மாட்டவிடவில்லை. உன் பலகை சுத்தமாக இருக்கிறது, எழுத்தும் கசியவில்லை. தபாலில் அனுப்பமாட்டேன். ஆட்டம் முடிந்ததும் வந்து நீயே மாட்டலாம். யோனேசோவும் இருப்பார். வராமல் இருக்கவும் உனக்கு உரிமை உண்டு. வந்தால், வாசலிலேயே தண்ணீர்க் குழாய் இருக்கிறது.

எத்தனை பேருக்கு அரிசி களைவது என்று எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். என் காதுக்கு இப்போது எதிரில் பேசுபவர் சிரிக்கிறாரா கோபிக்கிறாரா என்று பிரித்துத் தெரிவதில்லை. உன் விஷயத்தில் எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஆகவே, வருகிறாயா இல்லையா என்று உன் கைப்பட எழுதிப் பதில் அனுப்பவும்.

இவானாகா மசுயே